திருகோணமலைக் கரையும் வானலைத் தலையீடும்

திருகோணமலை நகரிலே இரவு எட்டு மணிக்குப் பின்னர் மத்திய அலை வானொலிப் பெட்டியின் முள்ளை மெல்லத் திருப்பிச் செல்பவர், பகலிற் கேளாத பல குரல்களைக் கேட்பர். கடலுக்கு அப்பாலிருந்து தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் ஒன்றன்மேலொன்றாக வந்து விழும். ஒரு நிலையத்தின் செய்தி வாசிப்பினுள்ளே வேறொரு நிலையத்தின் வீணையிசை புகும். இரண்டுக்கும் இடையே சீழ்க்கை போன்றதோர் ஒலி விடாது நிற்கும். பெட்டி பழுதடைந்துவிட்டதென்று எண்ணி அதனைத் தட்டிப் பார்ப்போரும் உளர். பழுது பெட்டியிலன்று. ஒரே வானத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதால் விளையும் இடர் அது. அதனையே வானொலி நூலோர் தலையீடு என்பர்.

பங்கீடு ஒழுங்கின்றி நடைபெறுவதன்று. மத்திய அலையைப் பொறுத்தவரை ஆசியாவும் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் பின்பற்றும் ஒழுங்கு 1975 ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டிலே வகுக்கப்பெற்று, 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நிலையத்தின் மீடிறனுக்கும், அதாவது அதன் அலை ஒரு செக்கனில் அதிரும் தடவைக்கும், அடுத்த நிலையத்தின் மீடிறனுக்கும் இடையே 9 கிலோஹேட்ஸ் இடைவெளி இருத்தல் வேண்டும். சென்னைக்கு 720, புத்தளத்துக்கு 882, திருச்சிராப்பள்ளிக்கு 936, தூத்துக்குடிக்கு 1053, திருகோணமலைக்கு 1548 என ஒதுக்கப்பெற்ற எண்கள் யாவும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். ஐயுறும் மாணாக்கர் வகுத்துப் பார்க்கலாம். இரவிலே கேட்கும் சீழ்க்கையும் இவ்வொன்பதின் விளைவேயாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களின் காவியலைகள் ஒரே பெட்டியினுட் புகும்போது, அவற்றின் வேறுபாடாகிய 9 கிலோஹேட்ஸ் காதுக்கு எட்டும் ஓர் ஒலியாகி விடுகின்றது.

பகலில் இல்லாத இடர் இரவில் வருவானேன்? வானத்தின் மேலே அயன் மண்டலம் உண்டு. அதன் கீழ்ப்படை பகலில் ஞாயிற்றின் கதிரால் உண்டாகி, மத்திய அலையை விழுங்கிவிடுகின்றது. ஞாயிறு மறைந்ததும் அப்படை கலைந்துபோக, அலை அதற்கு மேலுள்ள படையிலே தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வந்து இறங்குகின்றது. இதனாற் பிறர் குரல் நம் பெட்டியில் வருவதோடு, நம் குரலே இருமுறை வருவதும் நேர்கின்றது. நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து நிலத்தோடு ஒட்டி வரும் அலை 100 கிலோமீற்றர் செல்கின்றது. 100 கிலோமீற்றர் உயரத்திலே தெறித்து வரும் அலையோ, பைதகரசின் தேற்றப்படி கணக்கிடின், ஏறத்தாழ 224 கிலோமீற்றர் செல்கின்றது. வானலை ஒரு மில்லிசெக்கனில் 300 கிலோமீற்றர் செல்லுமாதலின், பின்னது 0.4 மில்லிசெக்கன் பிந்தி வருகின்றது. முந்தியதும் பிந்தியதும் ஒரே அவத்தையிற் கூடினால் ஒலி பெருகும். எதிர் அவத்தையிற் கூடினால் ஒலி தேயும். இரவு ஒலிபரப்பு அலைமேல் ஏறி இறங்கும் தோணிபோல் உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்பது இதனாலேயாம்.

ஆகவே தலையீடு என்ற ஒரு சொல்லால் வெவ்வேறு இடர்களைக் குறிக்கின்றோம் என்பது தெளிவு. பிறர் அலை புகுவது ஒன்று. தன் அலையின் எதிரொலி தன்னையே குலைப்பது மற்றொன்று. மின்னலும் மோட்டார்களும் மின்குமிழ்களும் எழுப்பும் இரைச்சலையும் இவற்றோடு சேர்த்தெண்ணுவது வழக்கம். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. இதனை மறந்து எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேடியதே வானொலியின் முதலைம்பது ஆண்டுகளில் நேர்ந்த பெரும் பிழை எனலாம்.

அம்மருந்து யாதெனின், வலுவைக் கூட்டுதல். திருகோணமலையே அதற்குச் சான்று. 1980களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே நிறுவனம் இங்கு ஓர் அஞ்சல் நிலையத்தை இயக்கத் தொடங்கியது. 250 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பிகளும், 1548 கிலோஹேட்சில் 400 கிலோவாற்று வலுவுள்ள மத்திய அலை ஒலிபரப்பியும் அங்கு நிறுவப்பட்டன. நானூறு கிலோவாற்று என்பது நாற்பது வாற்று மின்குமிழ்கள் பத்தாயிரத்தை ஒருங்கே ஏற்றுவதற்குச் சமம். அத்துணை வலுவும் தென்னாசியா முழுவதையும் நோக்கிச் சென்றது. 2013 ஆம் ஆண்டளவில் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. நம் கரையிலே நின்ற கோபுரம் தொலை நாட்டாரோடு பேசியதேயன்றி, அயலிலுள்ள மூதூராரோடும் குச்சவெளியாரோடும் பேசுவதற்கென எழுந்ததன்று.

வலுவைக் கூட்டுவதிலுள்ள குறை யாவரும் அறிந்ததே. கோயிற் திருவிழாவிலே வீதியின் இரு முனையிலும் இரு ஒலிபெருக்கிகள் கட்டியிருப்பர். கடைக்காரர் ஒருவர் தம் ஒலிபெருக்கியை உயர்த்தினால், அயற்கடைக்காரரும் தம்முடையதை உயர்த்துவார். ஈற்றில் ஒருவர் சொல்லும் ஒருவருக்கும் விளங்காது. மேலும், தன் எதிரொலியாலே கெடுபவனுக்கு வலுவைக் கூட்டுதல் சிறிதும் உதவாது. குரல் இருமடங்கானால் எதிரொலியும் இருமடங்காகும்.

திருகோணமலையின் நிலவமைப்போ எதிரொலிக்கென்றே வாய்த்தது போன்றது. கோணேசர் கோயில் கொண்ட சுவாமி மலை கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. உவர்மலை முதலிய மேடுகள் உட்துறைமுகத்தைச் சூழ்ந்துள்ளன. சீனக்குடாவிலே ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள், பெரும் உருக்குச் சுவர்களாக நிரை நிரையாக நிற்கின்றன. துறைமுகத்துட் புகும் கப்பல்களின் உடலும் உருக்கே. பண்பலைக்கும் தொலைக்காட்சிக்கும் பயன்படும் மிகவுயர் மீடிறன் அலைகள் நேர்கோட்டை விரும்பிச் செல்வன. மேட்டின் மறைவில் அவை குன்றும். உருக்கிலே பட்டாற் தெறிக்கும். ஆகவே நகரின் ஒரு தெருவில் ஒரே நிகழ்ச்சி மூன்று நான்கு வழிகளால் வந்து சேர்வதும், அடுத்த தெருவில் ஒரு வழியாலும் வாராதிருப்பதும் இயல்பு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓர் உருவத்தின் அருகே அதன் நிழலுருவம் தோன்றியதை மூத்தோர் நினைவுகூர்வர். அந்நிழல் பெரும்பாலும் ஒரு மலையின் அல்லது ஒரு சுவரின் எதிரொலியே.

இவற்றோடு கடலும் சேர்ந்துகொள்கின்றது. மழை ஓய்ந்த அமைதியான நாட்களில், கடலையொட்டி ஈரமுள்ள குளிர்ந்த காற்றும், அதன் மேலே வெப்பமான உலர்ந்த காற்றும் படிந்து நிற்கும். உயரச் செல்லச் செல்ல வெப்பநிலை குறைதல் வேண்டும் என்ற பொதுவிதி ஈண்டு மாறுபடுவதால், இதனை வெப்பநிலை நேர்மாறல் என்பர். இவ்விரு படைகளின் எல்லையிலே வானலை கீழ்நோக்கி முறிந்து, கடலுக்கும் அவ்வெல்லைக்கும் இடையே ஒரு குழாயினுட் செல்வதுபோற் செல்லும். புவியின் வளைவு அதனைத் தடுக்காது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பம்பாயில் நிறுவப்பட்ட 200 மெகாஹேட்ஸ் ராடார், ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரையைக் கண்டமை இத்துறை நூல்கள் பலவற்றிலும் எடுத்துக்காட்டப்படும் செய்தி. கடற்பயணத்துக்குப் பல நாள் வேண்டிய தூரத்தை அலை காற்றுக் குழாயினுட் சென்று கடந்துவிட்டது. வங்கக் கடலிலும் பாக்குத் தொடுவாயிலும் இதே நிகழ்ச்சி சிறிய அளவில் அடிக்கடி நிகழ்வதாலேயே, தமிழ்நாட்டுக் கரையின் பண்பலை நிகழ்ச்சிகள் நம் வடகீழ்க் கரையிலே சில மாலைகளில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கின்றன. நேயர்க்கு அது விருந்து. அதே மீடிறனில் உள்ளூர் நிலையத்தைக் கேட்க விரும்புவோர்க்கோ அதுவே இடையூறு.

இவ்விடத்திலேதான் இலக்கமுறை ஒலிபரப்பு வேறொரு வழியைக் காட்டுகின்றது. ஒலியை அலையின் ஏற்றவிறக்கமாக அனுப்பாது, எண்களாக்கி அனுப்புவது இலக்கமுறை. எண்களாக்கிவிட்டதால் மட்டும் தலையீடு ஒழிந்துவிடாது. எண்களை எவ்வாறு அனுப்புகின்றோம் என்பதிலேயே நுட்பம் உள்ளது.

பெரிய மண்டபம் ஒன்றிலே ஒருவர் விரைந்து பேசுவதாகக் கொள்வோம். முதற்சொல்லின் எதிரொலி அடங்குமுன் மூன்றாம் சொல் வந்துவிடும். கேட்போர்க்கு எதுவும் விளங்காது. அவரே ஒவ்வோர் அசையையும் நீட்டி, அசைக்கு அசை சற்று இடைவெளி விட்டுப் பேசுவாராயின், எதிரொலி அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். ஆனால் இவ்வாறு பேசினால் ஒரு மணிப் பேச்சு ஒரு நாளாகும். அதற்கு என்ன வழி? ஒருவர் விரைந்து பேசுவதற்குப் பதிலாக இருநூறு பேர், ஒவ்வொருவரும் வெவ்வேறு சுருதியிலே, ஒரே வேளையில், மெல்ல மெல்லப் பேசினால்? ஒவ்வொருவரும் செய்தியின் இருநூற்றிலொரு பங்கை மட்டுமே சொல்வர். மொத்தச் செய்தி குறையாது, எதிரொலியும் கெடுக்காது.

இந்த எண்ணத்தை 1966 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரொபேர்ட் சாங் கணித வடிவில் வெளியிட்டார். இருநூறு சுருதிகளும் ஒன்றையொன்று குழப்பாதிருக்க வேண்டுமாயின், அவற்றின் இடைவெளியை ஓர் அசையின் கால அளவோடு பொருத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஓர் அசைக்குரிய காலத்தில் ஒவ்வொரு துணைக் காவியும் முழு எண்ணளவு தடவை அதிருமாயின், ஒன்றை அளக்கும்போது மற்றவை தம்முள் கழிந்து சுழியாகிவிடும். 1971 ஆம் ஆண்டில் வைன்ஸ்ரைன், ஈபேர்ட் ஆகிய இருவரும் இருநூறு தனித்தனிக் கருவிகள் வேண்டாது, ஒரு கணிப்பானே பூரியே உருமாற்றத்தால் இவ்வேலையை முடிக்கலாம் என்று காட்டினர். அக்காலத்தில் அத்தகைய கணிப்பான் ஓர் அறையை நிரப்பும். கைப்பிடிக்குள் அடங்கும் நுண்சில்லு வரும்வரை கணிதம் காத்திருக்க நேர்ந்தது.

சிற்றலைக்கும் மத்திய அலைக்கும் வகுக்கப்பெற்ற டிஆர்எம் என்னும் இலக்கமுறை இவ்வழியைப் பின்பற்றியது. அதற்குரிய கூட்டமைப்பு 1998 இல் தோன்றியது. முறையான ஒலிபரப்புகள் 2003 இல் தொடங்கின. திருகோணமலையிலிருந்த ஜேர்மனிய நிலையத்திலிருந்தும் டிஆர்எம் ஒலிபரப்புகள் செய்யப்பட்டன. இந்தியாவின் அகில இந்திய வானொலி சென்னை முதலிய பல இடங்களில் மத்திய அலைக்கு இதனையே மேற்கொண்டது. டிஆர்எம் முறையின் வகைகளுள் ஒன்றில், ஏறத்தாழ இருநூறு துணைக் காவிகள் உள்ளன. ஓர் அசையின் நீளம் 26.66 மில்லிசெக்கன். அதில் 21.33 மில்லிசெக்கன் செய்திக்கும், 5.33 மில்லிசெக்கன் எதிரொலி அடங்குவதற்கான காப்பு இடைவேளைக்கும் உரியவை. அதாவது ஒவ்வொரு துணைக் காவியும் செக்கனுக்கு 37 அல்லது 38 தடவை மட்டுமே மாறுகின்றது. 5.33 மில்லிசெக்கனில் அலை 1,600 கிலோமீற்றர் செல்லும். மேலே கணக்கிட்ட 0.4 மில்லிசெக்கன் எதிரொலி இதனுள் எளிதில் அடங்கிவிடுகின்றது.

காப்பு இடைவேளையின் பயன் இவ்வளவோடு நில்லாது. எதிரொலி தீங்கு செய்யாதென்றால், நாமே வேண்டுமென்று எதிரொலியை உண்டாக்கலாமன்றோ? மலையின் மறைவிலுள்ள ஊருக்கு, அதே மீடிறனில், அதே செய்தியை, அதே கணத்தில் அனுப்பும் இரண்டாவது சிறு ஒலிபரப்பி ஒன்றை வைத்தால், நேயரின் பெட்டிக்கு அது மற்றுமோர் எதிரொலியாகவே தோன்றும். பண்பலையில் இதனைச் செய்தால் இரண்டும் மோதிக் கெடும். ஆதலின் ஒவ்வோர் ஊருக்கும் வேறு மீடிறன் தேட வேண்டியிருந்தது. இலக்கமுறையிலோ நாடு முழுவதையும் ஒரே மீடிறனால் நிரப்பலாம். இதனை ஒற்றை மீடிறன் வலையமைப்பு என்பர்.

ஆயினும் இதற்கும் எல்லையுண்டு. அவ்வெல்லையைத் திருகோணமலை மாவட்டத்தின் தேசப்படத்தை விரித்துக் காண்பது பயன் தரும். ஐரோப்பாவிற் பரவிய டிஏபி என்னும் இலக்க வானொலியின் முதல்வகையில் காப்பு இடைவேளை 0.246 மில்லிசெக்கன், அதில் அலை செல்லும் தூரம் ஏறத்தாழ 74 கிலோமீற்றர். டிஆர்எம் முறையின் பண்பலைக்கான வகையில் அது 0.25 மில்லிசெக்கன், தூரம் 75 கிலோமீற்றர். திருகோணமலை நகரிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூர் நேர்கோட்டிற் பதினைந்து கிலோமீற்றருக்குட்பட்டது. குச்சவெளி முப்பது கிலோமீற்றர் அளவிலும், கந்தளாய் முப்பத்தைந்து கிலோமீற்றர் அளவிலும் உள்ளன. நகரிலும் கந்தளாயிலும் இரு ஒலிபரப்பிகள் ஒரே மீடிறனில் இயங்கினால், இடையே தம்பலகாமத்தில் இருப்பவர்க்கு இரண்டின் வருகைக்கும் உள்ள வேறுபாடு எவ்வாறாயினும் 35 கிலோமீற்றரை, அதாவது 0.12 மில்லிசெக்கனை, விஞ்சாது. ஆகவே இம்மாவட்டத்துக்கு ஒற்றை மீடிறன் நன்கு பொருந்தும்.

யாழ்ப்பாணத்தையும் இதே வலையிற் சேர்த்தாலோ? நேர்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீற்றர், 0.6 மில்லிசெக்கன். வழமையான நாளில் யாழ்ப்பாணத்து அலை இங்கு வந்து சேராதாகையால் கவலையில்லை. முன்னர்க் கூறிய காற்றுக் குழாய் கடல்மேல் அமையும் மாலையிலே அது வந்து சேரும். காப்பு இடைவேளைக்குப் பிந்தி வரும். வந்து, தன் உடன்பிறந்த நிலையத்தையே குலைக்கும். கடல் சூழ்ந்த நாட்டில் வலையமைப்பு வகுப்போர் தேசப்படத்தோடு காலநிலையையும் பார்த்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அசையின் நீளத்தைக் கூட்டிக் காப்பு இடைவேளையை நீட்டுவதும், மாகாணத்துக்கு மாகாணம் மீடிறனை மாற்றுவதும் இதற்குரிய வழிகள். முன்னதால் நகரும் ஊர்தியிற் கேட்பது கடினமாகும். பின்னதால் மீடிறன் கூடுதலாகச் செலவாகும்.

இனி, எதிரொலியால் இருநூறு துணைக் காவிகளுட் சில அறவே தேய்ந்துவிடின் அவை சுமந்த செய்தி என்னாகும் என்ற வினா எழும். இதற்கு விடை நம் ஏட்டுச்சுவடிகளிலே உள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றியபோது, அவர்கள் கையிலிருந்த ஏடுகள் செல்லரித்தும் முறிந்தும் கிடந்தவை. அழிந்த எழுத்தை ஊகிக்க யாப்புத் துணைநின்றது. சீரும் தளையும் இத்தனை அசை வேண்டுமென்றன. எதுகை இன்ன எழுத்து வேண்டுமென்றது. மற்றோர் ஏடு உறுதி செய்தது. யாப்பின் கட்டுப்பாடு பொருளுக்கு மேலதிகமானது. அம்மேலதிகமே அழிவினின்று பொருளைக் காத்தது. இலக்கமுறையிலும் செய்தி எண்களோடு, அவற்றிலிருந்து விதிப்படி பெறப்பட்ட மேலதிக எண்கள் சேர்த்தனுப்பப்படுகின்றன. சில எண்கள் கெடினும் விதி மற்றவற்றிலிருந்து அவற்றை மீட்கும். இவ்வாறு மீட்டல் எதுவரை இயலும் என்பதற்கு 1948 ஆம் ஆண்டில் குளோட் ஷனன் திட்டமான எல்லை வகுத்தார்.

ஒன்று கவனிக்கத்தக்கது. ஒரு செய்யுள் முழுவதும் ஒரே ஏட்டிலிருந்து, அவ்வேடு முழுவதும் அழிந்துவிடின் யாப்பாலும் பயனில்லை. ஒரு செய்யுளின் சீர்களை நாற்பது ஏடுகளிற் சிதறி எழுதியிருப்பின், ஓர் ஏடு அழிந்தாலும் ஒவ்வொரு செய்யுளிலும் ஒரு சீரே குறையும். அதனை ஊகிப்பது எளிது. எந்தப் புலவரும் அவ்வாறு எழுதவில்லை. ஒலிபரப்பிலோ அதுவே விதி. அடுத்தடுத்த எண்கள் வெவ்வேறு துணைக் காவிகளுக்கும் வெவ்வேறு கணங்களுக்கும் சிதறடிக்கப்பட்டு, பெட்டியினுள் மீண்டும் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. மின்னல் ஒன்று கணநேரம் எல்லாவற்றையும் அழிப்பினும், ஒருமலையின் எதிரொலி சில காவிகளை எந்நேரமும் அழிப்பினும், சேதம் எங்கும் சிறிது சிறிதாகப் பரவி மீட்கத்தக்கதாகின்றது. இலக்கப் பெட்டியில் நிலையத்தைத் தெரிந்த பின்னர் ஒலி வரச் சற்றுத் தாமதிப்பதன் காரணமும் இந்த ஒழுங்குபடுத்தலே.

இவ்வளவு நன்மையும் கூறியபின், இலக்கமுறையின் பெருங்குறையைக் கூறாது விடுதல் முறையன்று. பழைய ஒலிபரப்பு தேயும்போது படிப்படியாகத் தேயும். இரைச்சல் மிகும், குரல் மெலியும், எனினும் காதை ஒட்டவைத்துக் கேட்பவர்க்குப் பொருள் விளங்கும். இலக்கமுறையில் மீட்கும் எல்லைவரை ஒலி தெளிவாக இருக்கும். எல்லையைத் தாண்டியதும் ஒலி தேய்வதில்லை, நின்றுவிடும். பாறையின் விளிம்பில் நடப்பவன் கடைசி அடிவரை சமதரையிலேயே நடப்பதுபோன்றது இது.

கரையோர மக்களுக்கு இது வெறும் வசதிக்குறையன்று. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் திருகோணமலைக்கு அணித்தாக வடகீழ்க் கரையைத் தாக்கிய சூறாவளி, இலங்கையைக் கடந்து சென்று தனுஷ்கோடியை அழித்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரை முழுவதையும் தாக்கியது. 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் நாள் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்தது. புயல் நாளில் மின்சாரம் தடைப்படும். ஏரியல் காற்றிற் திரும்பும். மின்னல் இரைச்சல் மிகும். அலை எல்லைக்கு மிக அருகில் வருவது அந்நாளிலேயே. சாதாரண நாட்களில் இனிய இசையைத் தெளிவாகத் தந்த பெட்டி, கேட்டேயாக வேண்டிய ஒரு நாளில் வாய்மூடிவிடின் அத்தெளிவாற் பயன் என்ன?

இதற்கு விடை பொறியியலில் உண்டு. அதனைத் தெரிந்தெடுப்பது ஆட்சியாளர் கையில் உண்டு. துணைக் காவி ஒவ்வொன்றும் ஓர் அசையில் எத்தனை குறிகளுள் ஒன்றைக் காட்டலாம் என்பது நம் விருப்பம். முற்றத்திலே ஒரு சாண் சதுரத்துள் புள்ளிக் கோலம் இடுவதாக நினைக்கலாம். நிரைக்கு இரண்டாக நான்கு புள்ளிகள் இடலாம். நான்காகப் பதினாறு இடலாம். எட்டாக அறுபத்துநான்கும் இடலாம். அறுபத்துநான்கிலே எந்தப் புள்ளி எனச் சுட்டுவது, நான்கிலே எந்தப் புள்ளி எனச் சுட்டுவதைவிட மும்மடங்கு செய்தியைத் தரும். ஆனால் காற்று சிறிது வீசி மாப்பொடியை நகர்த்தினால், நெருங்கியுள்ள அறுபத்துநான்கில் ஒரு புள்ளி அடுத்த புள்ளியின் இடத்துக்குப் போய்விடும். அகன்றுள்ள நான்கிலே போகாது. சதுரத்தின் பரப்பு ஒலிபரப்பியின் வலு, காற்று, இரைச்சல். அதே வலுவைக் கொண்டு அதிக நிகழ்ச்சிகளை அனுப்புவதா, சில நிகழ்ச்சிகளை அசையாத உறுதியோடு அனுப்புவதா என்பதே கேள்வி.

பல நாடுகளில் விடை முதலாவதன் பக்கமே சாய்ந்தது. நிகழ்ச்சி பெருகினால் விளம்பரம் பெருகும். விளம்பரம் பெருகினால் வருவாய் பெருகும். பெருநகரத்துக்கு அது பொருந்தலாம். மீன்பிடித் துறைகளும் தீவுகளும் மறைவான குடாக்களும் நிறைந்த ஒரு மாவட்டத்துக்கு அது பொருந்தாது. இங்கே நான்கு புள்ளிக் கோலத்துக்கு ஓரிடம் ஒதுக்கியேயாதல் வேண்டும்.

எஞ்சியவை சிறு வேலைகள். ஆனால் உள்ளூர்த் தலையீட்டில் பெரும்பகுதி சிறு வேலைகளிலேயே தங்கியுள்ளது. பண்பலை ஒலிபரப்பியின் மீடிறன் 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை. கருவி நன்கு வடிக்கப்படாதிருப்பின் அதன் இருமடங்கான 176 முதல் 216 மெகாஹேட்ஸ் வரையிலும் ஓர் அலை கசியும். அது இலக்க வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரிய 174 முதல் 230 மெகாஹேட்ஸ் வரையான பட்டையினுள்ளே விழுகின்றது. ஒரே மேட்டிலே இரண்டும் நிற்பின், வடியொன்று பூட்டாத குறை ஒரு நகரத்தின் இலக்க வானொலியைக் கெடுத்துவிடும். மலைமறைவுக்கென வைக்கும் சிற்றொலிபரப்பி, வாங்கும் ஏரியலும் அனுப்பும் ஏரியலும் ஒன்றையொன்று காணாதபடி பாறையின் இருபுறமும் நிற்றல் வேண்டும். இன்றேல் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னே பிடித்தாற்போல் ஊளையிடும். அனுப்பும் ஏரியலைச் சில பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால், அலை தொடுவானைக் கடந்து அயல்நாட்டுக் கரைக்குச் செல்வது குறையும். வலையமைப்பின் நிலையங்கள் யாவும் ஒரே கணத்தில் அசை பிரிக்க, செய்மதிக் கடிகாரம் வேண்டும். வீட்டினுள்ளே மலிவான எல்ஈடி மின்குமிழும் கைத்தொலைபேசி மின்னேற்றியும் மத்திய அலை மேல் எழுப்பும் இரைச்சல் தொலைநிலையத்தின் தலையீட்டிலும் கொடியது. பெட்டியைச் சாளரத்தின் பக்கம் நகர்த்தி, மின்குமிழை அணைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இலங்கை 2014 ஆம் ஆண்டில் ஐரோப்பிய முறையை விடுத்து, யப்பானிய ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிந்தெடுத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அது நாடெங்கும் நிறைவேறவில்லை. எனினும் தெரிவு நம் கரைக்கு ஏற்றது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அம்முறை ஓர் அலைவரிசையைப் பதின்மூன்று பாகங்களாகப் பிரிக்கின்றது. எல்லாப் பாகங்களுக்கும் ஒரே கோலம் வேண்டியதில்லை. பன்னிரண்டில் அறுபத்துநான்கு புள்ளிகளால் தெளிவான படத்தை அனுப்பிவிட்டு, நடுவிலுள்ள ஒரு பாகத்தில் நான்கு புள்ளிகளால், மிகுந்த மேலதிக எண்களோடு, சிறு படமும் குரலும் எழுத்தும் அனுப்பலாம். இடர் நாளில் அணைந்திருக்கும் பெட்டியை விழிப்பிக்கும் குறியொன்றும் அம்முறையில் உண்டு. டிஆர்எம் முறையிலும் அதனையொத்த ஏற்பாடு உண்டு. பெரும்படம் உறைந்து நின்றபின்னும் அந்நடுப்பாகம் வந்துகொண்டிருக்கும். மூதூர்க் கரையிலே வள்ளத்தினுள் பொலித்தீன் உறையிற் சுற்றி வைத்திருக்கும் சிறு பெட்டிக்கு அந்த ஒரு பாகமே போதும்.